திட்டமில்லாமல் நண்பர்களோடு கிளம்பும் பயணம் ஆளை வளர்க்குமா? போய் வந்தவர்கள் பேசுங்கள்

செந்தூல் கணக்கன் (வெள்ளி, இரவு 11.20)

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் வாட்சாப் குழுவில் பேசிப் பேசி, ஹோட்டல் பார்த்து, யார் யார் வருகிறார்கள் என்று பட்டியல் போட்டுப் போகிற பயணத்தை விட, மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக் கடை) தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருத்தன் "பினாங்கு போவோமா?" என்று கேட்க, அங்கிருந்தே கிளம்பிப் போகிற பயணம்தான் ஆளை வளர்க்கிறது. வீட்டில் இதைச் சொன்னால் பொறுப்பில்லாத பேச்சு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதனால்தான் இங்கே கொண்டு வருகிறேன்.

திட்டம் போட்ட பயணத்தில் எல்லாவற்றையும் ஒருத்தர்தான் முடிவு செய்திருப்பார், மற்றவர்களுக்கு ஏறி உட்கார்ந்து இறங்குவதைத் தவிர வேலை இல்லை. திடீரென்று கிளம்பும்போது அப்படி ஒரு ஆள் கிடையாது. எங்கே தூங்குவது, அடுத்து யார் ஓட்டுவது, கையில் இருக்கிற காசு போதுமா, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, எல்லாவற்றையும் அந்தந்த நேரத்தில் யாராவது ஒருத்தர் தீர்க்க வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் நாம் எதிர்பார்த்த ஆளாக இருப்பதில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் உண்டு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பான், சாப்பாட்டுக் கடையில் கூட அதே பதில்தான். ஒரு ராத்திரி இப்படித்தான் பினாங்குக்குக் கிளம்பினோம். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுங்கை பேராக் ஓய்வுத்தளத்தில் நிறுத்தியபோது ஓட்டி வந்த நண்பன் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி ஓட்டப் போனான். இவன் போய்க் கார்க் கதவுக்கு முன்னால் நின்று கையை நீட்டினான். "சாவியைக் கொடு. ஈப்போவிலிருந்து நீ ஓரக் கோட்டை மிதித்து மிதித்துத்தான் வருகிறாய், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால போய்ப் படு." யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஓட்டி வந்தவன் சாவியைக் கொடுத்துவிட்டான். ஜூரு டோல் தாண்டிப் பாலம் ஏறும் வரை அவன்தான் ஓட்டினான்.

அந்த ஒரு ராத்திரியில் அவன் வேறு மனிதனாகிவிட்டான் என்று நான் சொல்லவில்லை. மாறியது அவனைப் பற்றி எங்களுக்கு இருந்த நினைப்பு. இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் எல்லோரும் அவன் முகத்தைப் பார்க்கிறோம். நாலு பேர் ஒருத்தனை அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் அவன் பேசுகிற விதம், நிற்கிற விதம் எல்லாமே மெல்ல வேறாகிறது, அதைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன். உங்கள் கருத்து என்ன? மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா (சனி, காலை 6.45)

தம்பி, எழுதியது பிடித்திருக்கிறது, பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு நான் பினாங்குவாசியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்களைப் போல ராத்திரி கிளம்பி வருகிறவர்களை மறுநாள் எங்கள் மலையில் பார்க்கிறவள் நான்.

கொடிமலைக்கு 1923 முதல் ரயில் ஓடுகிறது, அதில் ஏறினால் பிரச்சினை இல்லை. ஆனால் வரிசை நீளமாக இருக்கும்போது "நடந்தே போயிடலாம், என்ன பெரிய மலை" என்று தாவரப் பூங்கா பக்கம் வந்துவிடுவார்கள். அங்கே இரண்டு வழி. ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், தார் போட்டது, ஆனால் செங்குத்து. இன்னொன்று ஒரு வட்ட வாசல் வழியாகக் காட்டுக்குள் போகும் பாதை, வேரும் கல்லும் படிக்கட்டுமாக ஏறி எண்பத்துநாலு என்று நாங்கள் சொல்லும் தங்குமடத்தில் ஜீப் பாதையைத் தொடும். உச்சி 833 மீட்டர். எண் சின்னதாகத் தெரியும், ஆனால் ஏறத்தாழக் கடல் மட்டத்திலிருந்தே ஏறுகிறீர்கள், காற்றில் ஈரம் கனமாக இருக்கும், சட்டை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும்.

மாலை ஐந்து மணிக்கு ஜப்பான் ரப்பர் செருப்போடு, கையில் ஒரே ஒரு சின்ன போத்தல் தண்ணீரோடு, ஐந்தாறு பிள்ளைகள் ஏறுவதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். வெளியே ஏழேகால் வரை வெளிச்சம் இருந்தாலும் மரத்துக்கடியில் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும். கைத்தொலைபேசி விளக்கை நம்பி இறங்குவார்கள், பேட்டரி தீர்ந்ததும் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவார்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான். நினைத்தவுடன் கிளம்புங்கள், நல்லது. ஆனால் காரின் பின்னால் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும். நெற்றி விளக்கு, மழைச்சட்டை, ஒரு ஜோடி சப்பாத்து, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். எங்கள் மலையேறும் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் "போதும், திரும்பலாம்" என்று சொல்லலாம், சொன்னால் காரணம் கேட்கக் கூடாது, எல்லோரும் திரும்ப வேண்டும். அந்த வார்த்தையை முதல் தடவை நண்பர்கள் முன்னால் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் நண்பர் சாவியைக் கேட்டதும் அந்த வகைதான், அதனால்தான் அந்த இடம் எனக்குப் பிடித்தது.

கிள்ளான்காரன் (சனி, காலை 9.10)

நான் முழுக்க எதிர்க்கட்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நெதர்லாந்தில் 2010-இல் ஓர் ஆய்வு வந்தது, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டது. விடுமுறைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் மகிழ்ச்சியில் வித்தியாசம் தெரிந்தது பயணத்துக்கு முன்னால்தான். போய் வந்த பிறகு பெரிய வித்தியாசம் இல்லை, மிக நிம்மதியான விடுமுறை கிடைத்தது என்று சொன்னவர்கள் மட்டும் விதிவிலக்கு, அதுவும் சில வாரங்களுக்குத்தான். அதாவது காத்திருப்பதில்தான் சுகமே இருக்கிறது. திடீரென்று கிளம்புகிறவன் அந்தச் சுகத்தை முழுசாக இழக்கிறான்.

எனக்கு இது வாழ்க்கையிலும் சரியாகவே பட்டது. எங்கள் கூட்டம் வருடா வருடம் மாசி மகத்துக்குப் பங்கோர்த் தீவு பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போகும். தேதி பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தெரியும், லூமுட்டில் படகுக்கு எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பதும் தெரியும், அதனால் பொங்கல் முடிந்த கையோடு பேச ஆரம்பித்துவிடுவோம். யார் சமையல் சாமான் வாங்குவது, யார் வீட்டுக் கிழவியைக் கைப்பிடித்துக் கூட்டிப் போவது என்று. அந்தப் பேச்சே எங்களை ஒன்றாக வைத்திருக்கிறது. அதிலும் ஆட்கள் வளர்கிறார்கள், சத்தமில்லாமல்.

பிரிக்பீல்ட்ஸ் மல்லிகை (சனி, பகல் 12.30)

மூன்று பேரும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. மாமாக் கடையில் பதினொரு மணிக்கு உட்கார்ந்துகொண்டு "கிளம்பலாமா" என்று கேட்பது எந்தப் பெண்ணுக்கு நடக்கும்? எங்களுக்குப் பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிடும். திடீரென்று கிளம்பும் சுதந்திரம் ஆண்களுக்குப் பிறப்போடு வருகிறது, எங்களுக்கு அதுவே ஒரு பெரிய வேலை.

ஆனாலும் போனோம், அதைச் சொல்லத்தான் வந்தேன். நானும் இரண்டு தோழிகளும் ஒரு பொது விடுமுறை நாளில் காலையில் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான் திட்டம். ஒருத்தி மேலே இருந்த ரயில் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், "பட்டர்வொர்த் ரயிலில் இடம் இருக்குமா" என்றாள். இருந்தது, ஆனால் மூன்று பேருக்கும் வேறு வேறு பெட்டியில். மின்சார ரயில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை ஓட ஆரம்பித்தது 2015-இல், அதற்கு முன்னால் இந்த ஊருக்கு ரயிலில் போவதென்றால் ராத்திரி முழுக்க ஆகும் என்று அப்பா சொல்வார். இப்போது நாலு மணி நேரம் சொச்சம்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே நான் அப்பாவைக் கூப்பிட்டேன். தோழி ஒருத்தி, "போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், இப்போ சொன்னா தடுப்பாங்க" என்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. "அப்பா, நாங்க மூணு பேரும் பினாங்கு போறோம், ராத்திரி தோழியோட சின்னம்மா வீட்டில் படுத்துக்கிறோம், நம்பர் அனுப்புறேன்" என்றேன். கேட்கவில்லை, தகவல் சொன்னேன். அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "கையில காசு இருக்கா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் அப்பாவிடம் பொய் இல்லாமலும் அனுமதி கேட்காமலும் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

படகில் போனது அழகு. 1894-இலிருந்து ஓடும் சேவை, பழைய பெரிய படகுகள் போய் 2023 ஆகஸ்டில் புதியவை வந்துவிட்டன, நடந்து ஏறினால் இரண்டு வெள்ளி (ரிங்கிட்). தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி ஏறினோம். பார்த்த இடம் அவ்வளவுதான். ஆனால் திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் என்னிடம் பேசும் தொனி மாறியிருக்கிறது, தங்கைக்கும் அது வழிவிட்டிருக்கிறது. கிள்ளான் அண்ணே, இந்த மாற்றத்தை நெதர்லாந்து ஆய்வில் எந்தக் கேள்வியிலும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் மகிழ்ச்சியை அளந்தார்கள். இது வேறு.

பிறை ஷிப்ட் (சனி, பிற்பகல் 3.05)

நான் பட்டர்வொர்த் பக்கத்துப் பிறையில் தொழிற்சாலை வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. என் ஓய்வு ஒரு வாரம் செவ்வாய் புதனில் வரும், இன்னொரு வாரம் வேறு நாளில் வரும். இந்த இழையில் எல்லோரும் ராத்திரியில், விடுமுறையில் நினைத்தவுடன் கிளம்பியதாகவே எழுதுவதைப் பார்க்கிறேன்.

சட்டப்படி வேலையில் முதல் இரண்டு வருடத்துக்கு வருட விடுப்பு 8 நாள்தான், இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 12, அதற்கு மேல் 16. அந்த எட்டில் தீபாவளிக்கு முன்பின் ஒன்றிரண்டு போகும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒன்றிரண்டு போகும். மிச்சத்தை வைத்துக்கொண்டு நினைத்தவுடன் கிளம்ப முடியாது. சொல்லாமல் வராமல் இருந்தால் அந்த மாத அலவன்ஸ் போய்விடும்.

எனக்கு இதில் வருத்தம் பயணம் இல்லை என்பதல்ல. மெல்ல மெல்லக் கூட்டத்திலிருந்து நம்மைக் கழற்றிவிடுவார்கள். முதலில் கேட்பார்கள், நான் முடியாது என்பேன், அப்புறம் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் அவர்கள் சிரிக்கிற விஷயம் நமக்குப் புரியாது. கணக்கன் சொன்ன வளர்ச்சி கூட்டத்தில் இருக்கிறவனுக்கு, வெளியே நிற்கிறவனுக்கு என்ன?

செந்தூல் கணக்கன் (சனி, மாலை 5.50)

பிறை, உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுத மனம் வரவில்லை, மாலை வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது காசுக்கும் பொருந்தும், அதைப் பற்றி நாங்கள் கண்டுபிடித்த ஒரு முறையைச் சொல்கிறேன், நேரத்துக்கும் அதில் ஏதாவது வழி கிடைக்கலாம்.

எங்களில் எல்லோருக்கும் ஒரே சம்பளம் இல்லை. ஒருத்தர் வங்கியில் இருக்கிறார், ஒருத்தர் உணவு டெலிவரி ஓட்டுகிறார். "வேலை இருக்கு, நான் வரலை" என்று டெலிவரி ஓட்டும் நண்பர் சொன்னதெல்லாம் வேலை அல்ல, காசு. எங்களுக்கு இது வெகு நாளாகத் தெரிந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை, நட்பில் காசைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு பாழாய்ப்போன பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒருநாள் அவரே பேசினார். ரவாங் பக்கம் எண்ணெய் போட நிறுத்தியிருந்தோம், இறங்கி வந்து, "நான் நூறு வெள்ளிதான் கொண்டு வந்திருக்கேன், அதுக்கு மேல முடியாது, முடியும்னா வர்றேன், இல்லேன்னா இங்கேயே இறங்கிக்கிறேன்" என்றார். ரொம்ப நேரான குரலில்.

அன்றிலிருந்து எங்கள் முறை இதுதான். கிளம்பும்போது யாரிடம் குறைவாக இருக்கிறதோ அந்தத் தொகையை எல்லோரும் ஒரு உறையில் போடுவோம். எண்ணெய், டோல், சாப்பாடு, படுக்கை எல்லாம் அந்த உறையிலிருந்துதான். உறை அவர் கையில் இருக்கும். உறை காலியானால் பயணம் முடிந்தது, யாரும் தனியாகக் கார்டை நீட்டக் கூடாது. வங்கி நண்பருக்கு முதலில் இது சிரமமாக இருந்தது, ஏர்கண்டிஷன் அறை வேண்டும் என்பார். இப்போது ஓய்வுத்தளத்துச் சூராவ் (தொழுகை அறை) பக்கத்துத் திண்ணையில் துண்டை விரித்துப் படுக்கிறார்.

டெலிவரி நண்பர் கற்றுக்கொண்டது காசில்லை என்று தலை நிமிர்ந்து சொல்வதை. வங்கி நண்பர் கற்றுக்கொண்டது மற்றவருடைய அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்வதை. எனக்கு இரண்டாவதுதான் கடினமாகத் தோன்றுகிறது.

சுங்கைப் பட்டாணி பையன் (சனி, இரவு 9.15)

எல்லோரும் பினாங்கோடு நின்றுவிடுகிறீர்களே, பாலத்தைத் தாண்டி வடக்கே கொஞ்சம் வாருங்கள்.

என் கோலாலம்பூர் நண்பர்கள் ஒரு தடவை இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஜோர்ஜ்டவுன் வந்தார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். சுவர் ஓவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்து, நாசி கண்டார் சாப்பிட்டு, பகல் இரண்டு மணிக்கே எல்லோருக்கும் சலிப்பு வந்துவிட்டது. அடுத்து என்ன என்று என்னைப் பார்த்தார்கள். "கடாரம் பார்க்கிறீங்களா?" என்று கேட்டேன். "அது எங்கே இருக்கு?" என்றான் ஒருத்தன், தமிழ்ப்பள்ளியில் படித்தவன், ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று பரீட்சையில் எழுதியவன். அது நம் கெடாதான், பட்டர்வொர்த்திலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரம்தான் என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை.

போனோம். மெர்போக் பக்கம், ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். மலை 1,217 மீட்டர், சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும், அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் இதை அடையாளமாக வைத்துத்தான் கரை பிடித்தார்கள். படிகளில் ஏறினால் பெரிய சண்டி (பழங்காலக் கோயில்) ஒன்று, புக்கிட் பாத்து பகாட் என்று பெயர். கருங்கல் அடித்தளம், அதன் மேல் தூண்கள் நின்ற இடத்தில் வட்டக் கற்கள், மேல்கட்டு மரமாக இருந்திருக்க வேண்டும், அதனால் மிஞ்சவில்லை. 1936, 37-இல் தோண்டிப் பார்த்தார்கள், 1959, 60-இல் கல்லைக் கல்லாகச் சேர்த்து நிறுத்தினார்கள். பக்கத்திலேயே ஓடை ஓடுகிறது, சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தத் தமிழ்ப்பள்ளி நண்பன் ஒரு தூண் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தான், வெயிலில் சூடாக இருந்தது போல, எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். சோழர் படை வந்தது 1025-இல். ஆனால் அதற்குப் பல நூறு வருடம் முன்னாலேயே இங்கே கடல் கடந்து வணிகம் நடந்தது, பக்கத்துச் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். அவன் வீட்டில் எல்லாக் கதையும் தாத்தா ரப்பர் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்துதான் தொடங்கும். திரும்பும்போது காரில் அவன் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. படை எடுத்து வந்தவர்கள் நம்மவர்களா, அல்லது இங்கே வாங்கி விற்றுக்கொண்டு இருந்தவர்கள் நம்மவர்களா, இரண்டு பேரையும் ஒரே பெருமையில் சேர்த்துச் சொல்லலாமா என்று கேட்டான். ஜூரு வரை அந்த விவாதம் ஓயவில்லை. இப்போது அவன் சோழர் வரலாறு மட்டுமல்ல, கெடா வரலாறும் தேடிப் படிக்கிறான். 2013-இல் இதே பள்ளத்தாக்கில் ஒரு பழைய சண்டியை மண்வாரி இயந்திரம் வைத்து இடித்துவிட்டது தெரியவந்தபோது ஏன் அத்தனை பேர் கொதித்தார்கள் என்று அவனுக்கு இப்போது விளங்குகிறது.

திட்டம் போட்டிருந்தால் இந்த இடம் பட்டியலில் வந்தே இருக்காது. ஜோர்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, எல்லாக் கையேடும் அங்கேதான் கூட்டிப் போகும். இரண்டு மணிக்குச் சலிப்பு வந்ததால்தான் கடாரம் வந்தது.

ஈப்போ மாமா (ஞாயிறு, காலை 7.30)

பிள்ளைகளா, இதெல்லாம் புதுசு இல்லை. தோட்டத்தில் இருந்த காலத்தில் தைப்பூசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் லோரி கிடைத்தால் பினாங்கு, கிடைக்காவிட்டால் ஈப்போ கல்லுமலை. யார் வருகிறார்கள் என்பது லோரியில் ஏறும்போதுதான் தெரியும். தண்ணீர்ப்பந்தலில் சாப்பாடு, வெள்ளி ரதம் போகிற தெருவோரத்தில் படுக்கை. சோற்றுக்கோ படுக்கைக்கோ யாரும் காசு கேட்டதில்லை. ஊரைத் தெரிந்துகொண்டதும் மனிதர்களைத் தெரிந்துகொண்டதும் அப்படித்தான். பிறைத் தம்பி சொன்னது மட்டும் எனக்குத் தைத்தது. அந்த நாளில் லீவு இல்லாதவனுக்காக லோரி அரை மணி நேரம் நின்று காத்திருக்கும், ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு அவன் ஓடி வருவான்.

செராஸ் ஆசிரியை (ஞாயிறு, காலை 10.40)

கிள்ளான்காரர் ஆய்வைக் கொண்டு வந்ததால் நானும் இரண்டைக் கொண்டு வருகிறேன்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார், என்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று. மற்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கப்படுத்துவது எல்லாம் உதவும், ஆனால் மிக வலுவாக வருவது தானே ஒன்றைச் செய்து முடித்ததிலிருந்துதான். வகுப்பில் இதை நான் தினமும் பார்க்கிறேன். "உன்னால் முடியும்" என்று நூறு தடவை சொன்னாலும் நகராத மாணவன், பள்ளி முகாமில் கூடாரத்தைத் தனியாக நட்டுவிட்டால் அடுத்த வாரம் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறான். அதனால் மல்லிகை அப்பாவோடு பேசியதும், கணக்கனின் நண்பர் சாவி கேட்டதும் பயணத்தின் ஓரத்தில் நடந்தவை அல்ல. அவைதான் விஷயம். பினாங்கு அதற்கு இடம் கொடுத்தது.

இன்னொன்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2018-இல் வெளியானது. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல் என்று கணக்கிட்டார்கள், அதிலும் வேலையிடத்தில் சேர்ந்து கழித்த நேரத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. கோலாலம்பூரில் நாம் வாழ்கிற வாழ்க்கையில், நெரிசலில் இரண்டு மணி நேரம் போனபிறகு, வாரம் ஒரு மணி நேரம் நண்பரைப் பார்த்தால் பெரிசு. அந்த வேகத்தில் 200 மணி நேரத்துக்கு நாலு வருடம் ஆகும். ஒரு சனி ஞாயிறு பயணம் விழித்திருக்கும் நேரமாக முப்பது மணியைக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாச் சிக்கலையும் ஒரே ஆள் தீர்க்கும் கூட்டங்கள் இருக்கின்றன, அந்த ஒருவர் சோர்ந்துபோவார், மற்றவர்கள் பயணம் முழுக்கக் குழந்தைகளாகவே இருந்துவிட்டு வருவார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரும் வளர மாட்டார்கள். பெண்கள் இருக்கும் கூட்டத்தில் அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறார், மருந்து, தண்ணீர், மாற்று உடை எல்லாம் அவர் பையில்தான்.

கிள்ளான்காரன் (ஞாயிறு, பகல் 1.15)

டீச்சர், அந்தக் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. மகிழ்ச்சியும் வளர்ச்சியும் வேறு என்று மல்லிகை சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் ராத்திரி ஓட்டுவது பற்றி மட்டும் என் மனம் ஒப்பவில்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் ஓட்டுவது துணிச்சல் அல்ல, உடம்பு தூங்கியே தீரும் நேரம் அது. சாவி கேட்க ஆள் இல்லாத காரில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தூங்கி எழுந்து கிளம்பினாலும் அது திடீர்ப் பயணம்தானே.

ஆயர் ஈத்தாம் அக்கா (ஞாயிறு, பகல் 2.00)

கிள்ளான் சொன்னதை நூறு தடவை வழிமொழிகிறேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக் கரைத் தீவுகளுக்கு நினைத்தவுடன் கிளம்பாதீர்கள், பருவமழையில் படகு ஓடாது, ஓடினாலும் ஏறாதீர்கள்.

பிறை ஷிப்ட் (ஞாயிறு, இரவு 8.40)

ஈப்போ மாமா, லோரி காத்திருந்த கதையைப் படித்துவிட்டு இரண்டு நாளாகக் கேட்க நினைத்ததை இன்று காலை என் பழைய கூட்டத்தின் குழுவில் எழுதிவிட்டேன். "நீங்க போற நாளில் என்னால் வர முடியாது. என் ஓய்வு நாளில் யாராவது இங்கே வர முடியுமா?" அவ்வளவுதான் எழுதினேன். அனுப்பிய பிறகு போனைத் திருப்பிப் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் ஒருத்தன் விடுப்பு போட்டுவிட்டான், இன்னொருத்தன் செவ்வாய் ராத்திரி ரயிலில் வருகிறேன் என்கிறான். ஒருத்தன் மட்டும், "நீ கேட்கவே மாட்டேன்னு நினைச்சோம், உனக்குத்தான் எங்களைப் பிடிக்கலைன்னு நினைச்சோம்" என்று எழுதியிருந்தான்.

புதன்கிழமை எங்காவது கூட்டிப் போக வேண்டும். எனக்குப் பினாங்குத் தீவு தெரியும், கடாரம் தெரியாது. சுங்கைப் பட்டாணி, அருங்காட்சியகம் புதன்கிழமை திறந்திருக்குமா? ஜெராய் மேலே காரில் போக முடியுமா, நடக்கத்தான் வேண்டுமா?

சுங்கைப் பட்டாணி பையன் (ஞாயிறு, இரவு 9.05)

மேலே வரை தார்ச்சாலை இருக்கிறது, குரூண் பக்கத்திலிருந்து ஏற வேண்டும், வளைவுகள் அதிகம், பிரேக் நல்ல நிலையில் இருக்கட்டும், இறங்கும்போது சின்ன கியரிலேயே வாருங்கள். அருங்காட்சியகம் என் வீட்டுப் பக்கம்தான், நாளைக்கே நேரில் போய் நேரத்தைக் கேட்டு எழுதுகிறேன். புதன் காலை நானும் வரலாமா? எனக்கு மதியம்தான் வேலை.

பிறை ஷிப்ட் (ஞாயிறு, இரவு 9.12)

வாங்க. காரில் ஒரு இடம் இருக்கிறது. அக்கா, அந்தப் பையில் என்னென்ன என்று சொன்னீர்களே, நெற்றி விளக்கைத் தவிர எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா (ஞாயிறு, இரவு 9.20)

என்னிடம் இரண்டு இருக்கிறது தம்பி. செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் படகில் பட்டர்வொர்த் பக்கம் வருகிறேன், இறங்கும் இடத்தில் நில்லுங்கள், கொடுத்துவிட்டுப் போகிறேன். புது பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள்.